62 இலட்சத்துக் காரை 40 இலட்சமென்று எழுதலாமா?

கேள்வி: நான் மானிப்பாயில் இருக்கும் ஆசிரியை. கணவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் ஏலாத மாமி. இவ்வளவு நாளும் ஸ்கூட்டியும் மோட்டார் சைக்கிளுமாகச் சமாளித்தோம். தெரிந்தவர் ஒருவர் 2015ஆம் ஆண்டு வகன் ஆர் ஒன்றை 62 இலட்சத்துக்குத் தருகிறார். கையில் 42 இலட்சம் இருக்கிறது. கனடாவிலுள்ள தம்பி 8 இலட்சம் தருவான். மிச்சம் 12 இலட்சத்துக்கு லீசிங் போடுவதா, நகையை அடைவு வைப்பதா என்று தெரியவில்லை. கார்ப் புத்தகம் (பதிவுப் புத்தகம்) பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது, அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். "ஓப்பன் பேப்பர் கையெழுத்தோட இருக்கு, ஆறுதலா மாத்தலாம்" என்கிறார் விற்பவர். காப்புறுதி ஏஜென்ட், "62க்குப் போட்டா வருசத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல வரும். 40க்குப் போடுங்கோ, 70 ஆயிரத்துக்குள்ள முடிச்சுத் தாறன்" என்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி சனி, ஞாயிறில் காரை ஹயருக்கு ஓடித் தருவதாகவும் சொல்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் என் தம்பியும் கார் ஓடுவான். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது?

பதில்:

சகோதரிக்கு,

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவதுதான் என் தொழில். அதனால் ஏஜென்ட் சொன்ன யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் எனக்கு ஆகப் பயமாக இருந்தது அதுதான்.

62 இலட்சம் பெறுமதியான காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 40 இலட்சம் வரையுள்ள சேதம் முழுதாகக் கிடைக்கும், அதற்கு மேலேதான் கையால் போடவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில் 'அவரேஜ்' என்றொரு நிபந்தனை இருக்கிறது. பெறுமதியில் எத்தனை பங்குக்குக் காப்புறுதி செய்தீர்களோ, சேதத்திலும் அத்தனை பங்குதான் தருவார்கள். உங்கள் கணக்கையே எடுப்போம். மருதனார்மடத்துச் சந்தியில் ஒரு வான் வந்து இடிக்கிறது. முன்பக்கம் முழுக்கச் சேதம், திருத்தச் செலவு 6 இலட்சத்து 20 ஆயிரம். கார் 62, பத்திரம் 40. கொம்பனி தருவது 4 இலட்சம், அதிலிருந்தும் 'எக்ஸஸ்' காசை, அதாவது ஒவ்வொரு சேதத்திலும் நீங்களே போடவேண்டிய முதல் தொகையை, கழித்துக்கொள்வார்கள். 2 இலட்சத்து 20 ஆயிரம் உங்கள் தலையில். வருடத்துக்கு 30, 35 ஆயிரம் மிச்சம் பிடித்து இந்தத் தொகையைத் தேட ஆறேழு வருடம் வேண்டும். கார் முழுதாக அழிந்தாலோ, களவு போனாலோ, 40க்கு மேல் சதமும் வராது.

இதை ஏஜென்ட் அறியாமல் சொன்னாரா, அறிந்துதான் சொன்னாரா என்று நான் ஆராயப்போவதில்லை. கட்டணம் குறைவாக இருந்தால் பத்திரம் சுகமாக விற்றுப் போகும், அவ்வளவுதான்.

மறுபக்கமாகப் போய் 75 இலட்சத்துக்குப் போடுவதும் வீண் செலவு. கார் முழுதாக அழிந்தால் அன்றைய சந்தை விலை, பத்திரத் தொகை இரண்டில் குறைந்ததையே தருவார்கள். கூடுதலாகக் கட்டியது திரும்பி வராது. எனவே அதே வருடம், அதே மாடல் கார் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நாலைந்து இடத்தில் விசாரித்து, அந்த விலைக்குப் போடுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. வருடா வருடம் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது இதைத் திரும்பவும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. பழைய தொகைக்கே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்கள் விபத்தன்றுதான் தாங்கள் பாதிக் காப்புறுதியில் ஓடியதை அறிந்தார்கள். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டதால் விலை மறுபக்கமும் போகலாம். அப்போது தொகையைக் குறைத்தால் கட்டணமும் நியாயமான வழியில் குறையும்.

சரி, அப்படியென்றால் கட்டணத்தை எங்கே குறைப்பது?

முதலாவது எக்ஸஸ். ஒவ்வொரு சேதத்திலும் முதல் இவ்வளவு ரூபாயை நானே போடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டால் கட்டணத்தைக் குறைப்பார்கள். பம்பர் உரசல், கண்ணாடி உடைவு போன்றவற்றைக் கையால் செய்யக்கூடியவர்களுக்கு இது நல்ல பேரம். இரண்டாவது நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் கழிவு ஏறிக்கொண்டே போகும். ஒரு தரம் கேட்டால் விழுந்துவிடும். கேற்றில் உரசிய கதவுக்குப் பெயின்ற் அடிக்க 18 ஆயிரம், அதில் எக்ஸஸ் 10 ஆயிரம். மிஞ்சுகிற 8 ஆயிரத்துக்காகப் போனஸை இழப்பது கணக்குத் தெரியாத வேலை. அந்தப் போனஸ் உங்களுக்குரியது, காருக்குரியதல்ல. அடுத்த கார் வாங்கும்போதும், வேறு கொம்பனிக்கு மாறும்போதும் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். உங்கள் கணவர் பெயரில் முன்பு ஏதாவது வாகனத்துக்குப் புல் இன்சூரன்ஸ் (சொந்த வாகனத்தின் சேதத்துக்கும் சேர்த்த காப்புறுதி) இருந்ததா என்று தேடிப் பாருங்கள்.

ஆனால் ஆளுக்குக் காயம், அல்லது அடுத்தவரின் வாகனத்துக்குச் சேதம் என்றால் "நாங்களே பேசித் தீர்ப்பம்" என்று ஒருபோதும் மறைக்காதீர்கள். அன்று சமாதானமாகப் போனவர் மூன்றாம் மாதம் வக்கீலோடு வரக்கூடும். அறிவிக்காத விபத்துக்குக் கொம்பனி பொறுப்பேற்காது.

மூன்றாவது, குறைந்தது மூன்று கொம்பனியிலாவது ஒரே தொகைக்கு, ஒரே நிபந்தனைகளுக்கு விலை கேளுங்கள். ஏஜென்ட் இல்லாமல் நேரே கிளைக்குப் போயும் கேளுங்கள். அரச ஊழியர் என்பதைச் சொல்லி, கழிவு உண்டா என்று விசாரியுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். மேலதிகமாக ஒட்டிவிடும் சின்னச் சின்னச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக வாசித்து, வேண்டாததை வெட்டுங்கள்.

இரண்டை மட்டும் வெட்டாதீர்கள். ஒன்று வெள்ளமும் புயலும். இங்கே கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று மானிப்பாயில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008 நிஷா, 2020 புரேவி எல்லாம் பார்த்த ஊர் இது. அதிலும் வகன் ஆரின் லிதியம் பற்றரி முன் பயணியின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஏறினால் முதலில் நனைகிற பொருள்களில் அதுவும் ஒன்று. மற்றது கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு. அது சாதாரண புல் இன்சூரன்ஸுக்குள் அடங்காது, தனியாகச் சேர்க்கவேண்டும். அதற்கான நிதி அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் இருக்கிறது. கட்டணமும் பெரிதல்ல.

தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு மட்டுமான காப்புறுதி) போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொந்தக்காரர் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் காருக்கு ஒரு சதமும் தராது. 12 இலட்சம் பெறும் பழைய மாருதி 800 வைத்திருப்பவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிய 62 இலட்சத்துக் காருக்குச் சொல்லமாட்டேன். லீசிங் போட்டால் தேர்வே இல்லை, லீசிங் கொம்பனி புல் இன்சூரன்ஸ் கேட்கும். அவர்கள் காட்டும் கொம்பனியில்தான் போடவேண்டுமா, நீங்கள் கொண்டுவரும் பத்திரத்தை ஏற்பார்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

அடுத்து ஓப்பன் பேப்பர், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாமல் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த படிவம். எங்கள் பகுதியில் இது பெரிய வியாதி. புத்தகத்தில் உள்ள பெயர் ஒன்று, கார் நிற்கும் வீடு இன்னொன்று. நடுவில் இரண்டு மூன்று பேரின் கை மாறியிருக்கும். வாங்கியவரும் விற்றவரும் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அதை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். பிரான்சில் இருப்பவருக்கு ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்து வெறும் கடதாசி. வாரிசுகளைத் தேடி நீங்கள் அலையவேண்டும். அவர் இங்கே யாருக்காவது கடன்பட்டிருந்தால், நீதிமன்றம் பார்க்கும் புத்தகத்தில் கார் அவருடையதுதான். காப்புறுதியிலும் சிக்கல். பழைய உரிமையாளரின் பத்திரம் கார் விற்றதோடு உங்களுக்கு வந்து சேராது. உங்கள் பெயரில் பதிவு இல்லாத காருக்கு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை, "உங்களுக்கும் இந்தக் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வியிலேயே நிறுத்திவைக்கலாம்.

அதனால் காசு முழுவதையும் கொடுக்கவேண்டாம். சின்னத் தொகை முற்பணம், எழுத்தில். பெயர் மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்கள் இரண்டும் நிரப்பப்பட்டு, கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்கள் வரி அடையாள இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு அடிகூட நகராதீர்கள். புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் காரில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மிச்சக் காசு பெயர் மாறுகிற அன்று. லீசிங் போடப்போகிறீர்கள் என்றால் விற்பவரின் "ஆறுதலா மாத்தலாம்" கதை தானாகவே முடிந்துவிடும். பெயர் மாறாமல் எந்தக் கொம்பனியும் காசு விடாது.

கடன் விடயத்தில் என் யோசனை: முதலில் உங்கள் சம்பளம் போகும் வங்கியில் கேளுங்கள். ஆசிரியைக்குச் சம்பளத்தின் பேரில் தனிநபர் கடன் கிடைக்கும். அதில் கார் உங்கள் பெயரிலேயே இருக்கும். லீசிங்கில் மாதத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, ஆவணச் செலவையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுகிறீர்கள் என்று இரண்டுக்கும் ஒப்பிடுங்கள். இடையில் காசு வந்து முழுதாகக் கட்டினால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், தம்பி கனடாவில் இருக்கிறான் அல்லவா. நகையை அடைவு வைப்பது இரண்டு மூன்று இலட்சத்துக்கு, ஒரு வருடத்துக்குள் மீட்கலாம் என்றால் சரி. 12 இலட்சத்துக்கு வேண்டாம்.

கார் தெரிவில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் பாவனைக்கு அல்ட்டோகூடப் போதும், பல இலட்சம் மிச்சமும் ஆகும். ஆனால் முழங்கால் ஏலாத ஆளுக்கு வகன் ஆரின் உயரமான இருக்கை உண்மையான வசதி. வாங்கமுன் மாமியை ஒருக்கால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சிலர் மின்சாரக் கார் என்று பழைய நிசான் லீவ்வைக் காட்டக்கூடும். அதன் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, எங்கள் வெயிலில் கெதியாகத் தேயும். டாஷ்போர்டில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று பாராமல் விலை பேசக்கூடாது.

இனி இந்தக் காரைப் பார்க்கும் விதம். நல்ல கராஜ்காரர் ஒருவருக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், மேலே சொன்ன எல்லா மிச்சத்தையும்விட அது பெரியது. விற்பவருக்குத் தெரிந்த கராஜ்காரரை அல்ல. போகும்போது நீங்களும் சிலவற்றைப் பாருங்கள். போனட்டைத் திறந்தால், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ற் உடைந்திருக்கிறதா? ஸ்பனர் பட்ட அடையாளம் இருந்தால் போனட் கழற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். பக்கத்தில் கூலன்ட் போத்தல் இருக்கும். நிறமுள்ள கூலன்ட்டுக்குப் பதிலாகத் தெளிந்த தண்ணீரும் அடியில் வெள்ளைப் படிவும் தெரிந்தால், யாரோ கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் ரேடியேற்றரை உள்ளிருந்தே அடைக்கும். அதோடு என்ஜின் சூடேறிய கதையும் இருக்கக்கூடும்.

பிறகு முன் இருக்கையின் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுங்கள். தண்ணீருக்குள் நின்ற கார் என்றால் நாடாவின் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். கழுவுகிறவர்கள் அந்த இடத்தை மறந்துவிடுவார்கள். கார்ப்பெற்றைத் தூக்கி, இருக்கைத் தண்டவாளத்துப் போல்ட்டுகளில் கறள் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் தெற்கில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றில் சில நன்றாகக் கழுவி, வாசம் அடித்து, ஏ9 வழியாக இங்கே வரத்தான் செய்யும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் நின்ற கார் என்றால் அடியிலும் குனிந்து பாருங்கள், கடற்காற்றுக் கறள் வேறு விதம்.

மீற்றரை நம்பாதீர்கள். கொழும்புக்கு ஒருக்கால் போய்வந்தாலே 800 கிலோமீற்றர். மாதம் ஒரு தரம் போனவருக்கு அதுவே வருடத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம். பத்து வருடம் ஓடிய கார் 45 ஆயிரம் காட்டினால், பிரேக் பெடலின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் மேல்தோலையும் பாருங்கள், அவை பொய் சொல்லாது. ரயரில் நாலு இலக்கம் இருக்கும். 3215 என்றால் 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் ஏலச் சீட்டைக் கேளுங்கள். ஏலத்துக்கு வந்தபோது எவ்வளவு ஓடியிருந்தது, எங்கே அடிபட்டது எல்லாம் அதில் இருக்கும். புறப்படும்போது கார் உதறினால் கியர் பெட்டியில் வேலை இருக்கிறது. அந்தப் பெட்டிக்கான செலவைக் கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் ஹயர் யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த பத்திரம், காசுக்கு ஆள் ஏற்றினால் செல்லாது. கட்டுநாயக்கவுக்கு ஒரு ஓட்டத்தில் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக 62 இலட்சத்தை வெறும் கையோடு ரோட்டில் விடுகிறீர்கள். உண்மையாகவே ஹயர் ஓடப்போகிறீர்கள் என்றால் அதற்குரிய பத்திரத்தை எடுங்கள், கட்டணம் கூடும்.

கனடாத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. அங்கத்தைய லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டுவந்தால் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனில் அங்கீகாரம் எடுக்கவேண்டும். இல்லையென்றால் தற்காலிக அனுமதிப்பத்திரம். 2025 ஓகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள். திருவிழாக் காலத்தில் நான் பார்க்கும் விபத்துகளில் ஆக மனவருத்தமானவை இவைதான். கார் இருக்கும், பத்திரம் இருக்கும், கட்டணம் கட்டியிருக்கும், ஓடியவரிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் இராது. கொம்பனி கையை விரித்துவிடும். 8 இலட்சம் தருகிறவனிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், இந்தப் பத்தியை அனுப்பிவிடுங்கள்.

விபத்து நடந்தால், ஆளுக்கு உயிராபத்து இல்லையென்றால் காரை அசைக்கமுன் கொம்பனிக்கு அந்த இடத்திலிருந்தே போன் எடுங்கள், நாலு பக்கமும் படம் எடுங்கள். கொம்பனி இழப்பீட்டை நியாயமில்லாமல் மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி கொழும்பில் இருக்கிறார், எழுத்தில் முறையிடலாம்.

இப்போதைக்கு உங்கள் முதல் வேலை காரைப் பார்ப்பதல்ல. புத்தகத்தில் பெயருள்ளவருக்குப் பிரான்சுக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, காரை விற்றது உண்மையா, கையெழுத்து அவருடையதா, புதிதாகக் கேட்டால் போட்டு அனுப்புவாரா என்று நேரே பேசுங்கள். விற்பவர் அந்த நம்பரைத் தரத் தயங்கினால், யாழ்ப்பாணத்தில் வேறு வகன் ஆர்கள் விற்பனைக்கு நிற்கின்றன.